ஈரக் கையை அறியும் தொடு பலகை, தானாக இணையும் போன்: பட்டுப்புழு மனைக்கு ஒரு முழு வழிகாட்டி

பட்டுப்புழு மனைக்குள் நுழையும் முன் கை கால் கழுவுகிறோம். செருப்பை வெளியே விடுகிறோம். வாசலில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் தூவி வைக்கிறோம். உள்ளே போனதும் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, கழுவிய அதே கையால் ஃபேனைப் போட ஆப்பைத் திறக்கிறோம். சந்தை, பஸ், டீக்கடை என்று நாள் முழுக்கப் போன இடத்தின் அழுக்கெல்லாம் அந்தக் கண்ணாடியில் இருக்கிறது. அதைக் கழுவவும் முடியாது. புகையிலை போடுகிறவர் கைப்பட்ட போன் என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் நிகோடின் புழுவுக்கு நேரடி விஷம்.

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, மாரண்டஅள்ளி, பென்னாகரம் பக்கத்திலும், அந்தப்புறம் தேன்கனிக்கோட்டை, தளி வரையிலும் மல்பெரி போட்டிருப்பவர்களுக்கு இந்தக் குறை நன்றாகத் தெரியும். சுவரில் ஒரு சாதாரண ஸ்விட்ச் போதுமே என்று கேட்கலாம். அது இருக்கத்தான் வேண்டும், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் ஈரக் கையோடு 230 வோல்ட் ஸ்விட்சைத் தொடுவது ஆபத்து. மனையின் வெப்பமும் ஈரப்பதமும் ராத்திரியில் எப்படி ஏறி இறங்கின என்று அந்த ஸ்விட்ச் சொல்லவும் சொல்லாது.

இங்கே நாம் செய்யப்போவது ஒரு தொடு பலகை. அக்ரிலிக் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தொடு உணரிகள், ஒரு வெப்ப ஈரப்பத உணரி, ப்ளூடூத் ஆகிய மூன்றும் சேர்ந்தது. போன் வாசலில் ஒரு பையில் தொங்கும். நீங்கள் வந்ததும் தானாக இணையும், பதிவுகளை இறக்கிக்கொள்ளும். உள்ளே கை படுவது பலகையில் மட்டும்தான். ஆர்டுயினோவில் ஒரு எல்இடியை எரியவிட்ட பழக்கம் இருந்தால் போதும், மீதியைப் படிப்படியாகப் பிடித்துவிடலாம். ஐடிஐ, பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் உட்காரவையுங்கள்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை இதைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்தப் போகிறோம். ஒரு உணரி சொல்வதை மட்டும் நம்பி எதையும் இயக்காதீர்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு உணரிகள் ஒத்துப்போகும்போது இயக்குங்கள். தொடு உணரி தண்ணீரைக் கையென்று நினைக்கும். ப்ளூடூத், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் போனைப் பக்கத்தில் இருப்பதாக நினைக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி ஏமாறுவது அபூர்வம்.

முதல் படி: பொருட்கள்

மூளையாக ஈஎஸ்பி32-எஸ்3 போர்டு வாங்குங்கள். பழைய ஈஎஸ்பி32-லும் பத்து தொடு முனைகள் உண்டு, விலையும் குறைவு. ஆனால் எஸ்3-இல் 14 தொடு முனைகள் இருக்கின்றன, அளவீடும் நுணுக்கமானது, எல்லாவற்றுக்கும் மேலாக நீர்த்துளிகளைச் சமாளிக்கும் வசதி சிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஈரப்பதத்துக்காக நீரைப் பனிபோலத் தெளிக்கும் ஃபாகர் ஓடும் அறைக்கு அது அவசியம். இணையத்தில் பழைய நிரல்களைப் பார்த்துச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ஈஎஸ்பி32-இல் விரல் பட்டால் எண் இறங்கும், எஸ்3-இல் ஏறும். அப்படியே எடுத்துப் போட்டால் தலைகீழாக வேலை செய்யும்.

இதோடு 3 மி.மீ. அக்ரிலிக் தகடு, காப்பர் டேப், 470 அல்லது 510 ஓம் ரெசிஸ்டர்கள், எஸ்எச்டி31 வெப்ப ஈரப்பத உணரி, சின்ன ஓஎல்இடி திரை, ரிலே மாட்யூல், மோட்டாருக்குத் தனியாக ஒரு கான்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் மின்காந்தச் சுவிட்ச்), நல்ல கம்பெனி 5 வோல்ட் அடாப்டர். அடாப்டரில் மட்டும் காசைச் சேமிக்க நினைக்காதீர்கள். காரணம் நான்காம் படியில் வரும்.

இரண்டாம் படி: பலகையை அமைப்பது

தொடு உணரி என்பது ஒரு மின்தேக்கி. காப்பர் டேப் ஒரு தகடு, உங்கள் விரல் இன்னொரு தகடு, நடுவில் அக்ரிலிக். 15 மி.மீ. சதுர டேப்பும் 3 மி.மீ. அக்ரிலிக்கும் வைத்துக் கணக்குப் போட்டால், விரல் முழுதாக மூடினாலும் கூடுவது சுமார் 2 பிகோஃபாரட்தான். தகடு 5 மி.மீ. என்றால் அது 1.2 ஆகிவிடும். இவ்வளவு சின்ன மாற்றத்தைத்தான் நாம் தேடுகிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

இதில் பலரும் கவனிக்காத இடம் காற்றிடைவெளி. அக்ரிலிக்கின் மின்கடவா எண் (டைஎலெக்ட்ரிக் கான்ஸ்டன்ட்) சுமார் 3, காற்றுக்கு 1. டேப்புக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவே ஒரே ஒரு மி.மீ. காற்று இருந்தால், அது இன்னொரு 3 மி.மீ. அக்ரிலிக் வைத்ததற்குச் சமம். சமிக்ஞை பாதியாகிவிடும். அதனால் டேப்பைக் குமிழ் இல்லாமல் அழுத்தி, தகட்டின் பின்பக்கமே நேராக ஒட்டுங்கள்.

நான்கு சதுரங்கள் போதும்: ஃபேன், ஃபாகர், விளக்கு, இணைப்பு. சதுரத்துக்குச் சதுரம் குறைந்தது 15 மி.மீ. இடைவெளி விடுங்கள். நான்கையும் சுற்றி ஒரு மெல்லிய வளையமாக டேப் ஒட்டுங்கள். இதுதான் காவல் வளையம், இதன் வேலை அடுத்த படியில் தெரியும். ஜிபிஐஓ 4, 5, 6, 7 நான்கையும் சதுரங்களுக்கும், 8-ஐ வளையத்துக்கும் கொடுக்கலாம். 14-ஐக் காலியாக விடுங்கள், நீர்த்தடுப்புக் கவசத்துக்கு அந்த முனைதான். ஒவ்வொரு கம்பியிலும் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டர். கம்பி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஒரு சாணுக்கு மேல் போனால் கம்பியே தொடு உணரியாக மாறிவிடும்.

பலகையைச் செங்குத்தாக, மேற்புறம் கொஞ்சம் முன்னால் சாய்ந்தபடி மாட்டினால் நீர் தங்காது, வடிந்துவிடும். நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் கடினநீர். ஃபாகரிலிருந்து படிந்து காய்ந்ததும் வெள்ளைப் படலமாக உப்பு நிற்கும். அந்த உப்பு மறுபடியும் ஈரத்தை இழுக்கும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மூன்றாம் படி: தொடுதலைப் படிப்பது

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். அவசரப்படாதீர்கள்.

முதலில் எதையும் இயக்காமல், நான்கு முனைகளின் எண்களையும் நொடிக்கு 20 முறை படித்து, சீரியல் பிளாட்டரில் கோடாக ஓடவிடுங்கள். டச்ரீட் என்ற செயற்கூறு ஒன்றே போதும். யாரும் தொடாமல் ஒரு நிமிடம் விட்டு, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் இரைச்சல். அப்புறம் காய்ந்த விரலால் தொட்டு எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். அந்த ஏற்றம் இரைச்சலைப் போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் நிரலில் தேடாதீர்கள், டேப்பைப் பெரிதாக்குங்கள், காற்றிடைவெளியைப் பாருங்கள்.

நிலையான ஒரு எண்ணை எல்லையாக வைத்து, அதைத் தாண்டினால் தொடுதல் என்று எழுதுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. காலையில் வேலை செய்யும், மதியம் செய்யாது. வெப்பமும் ஈரமும் மாறும்போது அடிப்படை எண்ணே நகர்ந்துவிடும். அதனால் அடிப்படையை ஓடும் சராசரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை படிக்கும்போதும், புதிய அடிப்படை என்பது பழைய அடிப்படையில் 99 சதவீதமும் இப்போதைய எண்ணில் 1 சதவீதமும் சேர்ந்தது. நொடிக்கு 20 முறை படித்தால் இது சுமார் ஐந்து நொடியில் மாற்றத்தைப் பின்தொடரும். ஃபாகர் போட்டு மெல்ல ஈரம் படிவதை இது விழுங்கிவிடும், விரலின் திடீர் ஏற்றத்தை விழுங்காது.

விரல் மேலே இருக்கும்போது மட்டும் அடிப்படையை உறையவைக்க வேண்டும். இல்லையென்றால் நீண்ட நேரம் அழுத்துவதையே அது மறந்துவிடும். ஆனால் ஒரு தொடுதல் 20 நொடிக்கு மேல் நீடித்தால் அது விரல் இல்லை. தழை ஒட்டியிருக்கிறது, அல்லது யாரோ எதையோ சாய்த்து வைத்திருக்கிறார்கள். அப்போது அந்த எண்ணையே புதிய அடிப்படையாக எடுத்துக்கொண்டு, திரையில் "பலகையைத் துடைக்கவும்" என்று காட்டச் சொல்லுங்கள்.

எல்லை ஒன்று வேண்டாம், இரண்டு வேண்டும். சாதாரண விரலின் ஏற்றத்தில் 60 சதவீதத்தைத் தாண்டினால் தொட்டதாகவும், 35 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் விட்டதாகவும் கொள்ளுங்கள். நடுவில் எண் ஆடினாலும் ஃபேன் விட்டுவிட்டு ஓடாது.

இப்போது ஈரக் கை. தண்ணீரின் மின்கடவா எண் 80-ஐ ஒட்டியது, பிளீச்சிங் பவுடர் கரைந்த நீர் மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். ஈரக் கை ஒரு சதுரத்தைத் தொட்டால், வழியும் நீர் பக்கத்துச் சதுரத்தையும் சேர்த்து எழுப்பும். எனவே ஏற்றத்தின் அளவை மட்டும் பார்க்காமல் அதன் வடிவத்தைப் பாருங்கள். விரல் கால் நொடிக்குள் ஏறும், ஒரு சதுரத்தில் உச்சம் தெளிவாக இருக்கும், எடுத்ததும் இறங்கும். நீர்த்துளி சட்டென்று ஏறும், ஆனால் குறைவாக ஏறி அங்கேயே நிற்கும். ஈரப்படலம் எல்லாச் சதுரங்களையும் ஒன்றாக, மெல்ல ஏற்றும். முழங்கையோ தழைக் கட்டோ உரசினால் மூன்று நான்கு சதுரங்கள் ஒரே நேரத்தில் எழும், காவல் வளையமும் எழும்.

இதிலிருந்து வரும் விதி எளியது. அதிகம் எழுந்த சதுரம், அடுத்ததைப் போல இரண்டு மடங்காவது இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள். காவல் வளையம் எழுந்திருந்தால் எதையும் ஏற்காதே. இந்த இரண்டு விதிகள் போட்டாலே பெரும்பாலான பொய்த் தொடுதல்கள் நின்றுவிடும். சுவரில் ஓடும் பல்லியும் இதில் அடங்கும். அது வளையத்தைக் கடக்காமல் சதுரத்துக்கு வர முடியாது. ஆனால் பல்லி சின்னது, வளையத்தைக் கடந்து சதுரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டால்? அதனால் வளையம் எழுந்த பிறகு அரை நொடி பலகையைப் பூட்டி வையுங்கள். அப்படியும் மிச்சம் வருவதை 20 நொடி விதி பார்த்துக்கொள்ளும்.

எஸ்3-இன் உள்ளமைந்த நீர்த்தடுப்பைப் பயன்படுத்த ஆர்டுயினோ போதாது, சிப் கம்பெனியே தரும் ஈஎஸ்பி-ஐடிஎஃப் என்ற நிரல் தொகுப்பு வேண்டும். அதில் கவச மின்முனையை 14-இல் கொடுத்து, காவல் வளையத்தை அறிவித்துவிட்டால், துளிகளின் பாதிப்பைச் சிப்பே குறைக்கும். தொடங்குகிறவர்கள் மேலே சொன்ன விதிகளோடு ஆரம்பித்து, தேவைப்பட்டால் பிறகு அங்கே போகலாம்.

நான்காம் படி: அடாப்டரும் எர்த்தும்

லேப்டாப்பில் சோதிக்கும்போது அருமையாக வேலை செய்த பலகை, மனையில் மாட்டியதும் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடினால் காரணம் பெரும்பாலும் மின்வழங்கல்தான். மலிவான அடாப்டர்கள் உயர் அதிர்வெண் இரைச்சலை இரண்டு கம்பிகளிலும் சேர்த்துத் தள்ளும். யாரும் தொடாதவரை தெரியாது. விரல் வைத்ததும் அந்த இரைச்சல் உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் பாதை தேடும், எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, போர்டைப் பவர்பேங்கில் ஓட்டிப் பார்ப்பது. ஆட்டம் நின்றால் அடாப்டரை மாற்றுங்கள்.

எர்த் இன்னொரு பக்கம். தருமபுரி மண்ணில் பல இடங்களில் கொஞ்ச ஆழத்திலேயே பாறை, கோடையில் மேல்மண்ணும் காய்ந்துவிடும். காய்ந்த மண்ணில் எர்த் கம்பி இருந்தும் இல்லாததுபோல்தான். எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றிவரச் சொல்வது தொடு பலகைக்காக மட்டும் இல்லை, உங்கள் உயிருக்காக. ஈர அறையில், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

ஐந்தாம் படி: போன் பக்கத்தில் இருப்பதை அறிவது

ப்ளூடூத் லோ எனர்ஜியில், வந்துசேரும் சமிக்ஞையின் பலத்தை ஆர்எஸ்எஸ்ஐ என்ற எண் காட்டும். எப்போதும் கழித்தல் எண்தான், பூஜ்யத்துக்கு அருகே போகப் போகப் பலம் அதிகம். கை நீட்டும் தூரத்தில் -50 வாக்கில் இருக்கலாம், அறையின் மறுகோடியில் -75-க்குக் கீழே போகலாம். உங்கள் மனையில் நீங்களே அளந்துதான் எல்லையை வைக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும். மனித உடம்பிலும் பச்சைத் தழைக் கட்டிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். போனைப் பின்பாக்கெட்டில் வைத்துப் பலகையைப் பார்த்து நின்றால் அந்த எண் 10 அளவுக்கு மேல் குறையும். தழை நிரம்பிய அடுக்குகள் குறுக்கே நின்றாலும் அப்படித்தான்.

எனவே ஒற்றை எண்ணை நம்பாமல், பழைய மதிப்பில் 80 சதவீதமும் புதியதில் 20 சதவீதமும் சேர்த்து மென்மையாக்குங்கள். -60-க்கு மேலே வந்தால் அருகே என்றும், -72-க்குக் கீழே பத்து நொடி தொடர்ந்து இருந்தால்தான் விலகியது என்றும் கொள்ளுங்கள். தொடு உணரிக்குப் போட்ட அதே இரட்டை எல்லை யோசனைதான்.

போனை அதன் ப்ளூடூத் முகவரியை வைத்து அடையாளம் காண முடியாது. தனியுரிமைக்காக இன்றைய போன்கள் சுமார் 15 நிமிடத்துக்கு ஒருமுறை முகவரியை மாற்றிக்கொள்ளும். முறையாக இணைத்து, சாவிகளை இரண்டு பக்கமும் சேமித்து வைத்திருந்தால் மட்டுமே மாறிய முகவரிக்குப் பின்னாலும் அது நம் போன்தான் என்று போர்டு கண்டுகொள்ளும். பாண்டிங் என்று நிரலில் வருவது இதைத்தான்.

இன்னொன்று, பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று பல போன்கள் பின்னணி ஆப்பைத் தூங்கவைத்துவிடும். அமைப்புகளில் போய் இந்த ஆப்புக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். போன் வைத்துக்கொள்ளாத பெரியவர்களுக்குச் சாவிக்கொத்தில் மாட்டும் ப்ளூடூத் டேக் கொடுக்கலாம். ஆனால் அதன் சமிக்ஞையை யாரும் நகலெடுக்க முடியும் என்பதால், திரையை எழுப்ப மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், அமைப்புகளை மாற்ற வேண்டாம்.

ஆறாம் படி: முதல் இணைப்பு

எப்போதும் இணைப்புக்குத் திறந்திருக்கும் கருவியோடு, ரோட்டில் போகிறவர்களும் இணையலாம். இங்கே தொடு உணரியையும் ப்ளூடூத்தையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக வைக்கிறோம். இணைப்புச் சதுரத்தை மூன்று நொடி அழுத்தினால், 30 நொடிக்கு மட்டும் கதவு திறக்கும். அந்த 30 நொடிக்குள்ளும் -50-க்கு மேலே பலம் உள்ள போனை மட்டும் ஏற்கும். பலகையைத் தொடுகிறவரும் போனை வைத்திருப்பவரும் ஒரே இடத்தில் இருக்கிறார் என்பதற்கு இதுவே ஆதாரம். திரையில் ஆறு இலக்க எண் வரும், அதைப் போனில் போட வேண்டும்.

எண் கேட்காத ஜஸ்ட் வொர்க்ஸ் முறை வசதியாக இருக்கும், ஆனால் நடுவில் ஒருவர் புகுந்து ஆள்மாறாட்டம் செய்வதை அதனால் தடுக்க முடியாது. 2014-இல் ப்ளூடூத் 4.2-ஓடு வந்த செக்யூர் கனெக்ஷன்ஸ் முறையையும் ஆறு இலக்க எண்ணையும் சேர்த்து நிரலில் கட்டாயமாக்குங்கள். இதை ஒரு போனுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

ஏழாம் படி: முடிவெடுக்கும் விதிகள்

ஐந்தாம் பருவப் புழுவுக்கு (கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசி வளர்ச்சிக் கட்டம்) 24 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 65 முதல் 70 சதவீதம் ஈரப்பதமும் ஏற்றது. மூன்றாம் பருவத்தில் 26 டிகிரியும் 80 சதவீதமும் வேண்டும். கூடு கட்டும்போது ஈரம் கூடினால் நூல் சரியாகப் பிரிந்து வராது, பட்டுக்கூடு அங்காடியில் விலை இறங்கும். ஆகவே பலகைக்குப் பருவம் தெரிந்தால், தொடுதலின் பொருளும் தெரியும்.

ஈரப்பதம் குறைவாக இருக்கும்போது ஃபாகரைத் தொட்டால் உடனே ஓடட்டும். ஐந்தாம் பருவத்தில் ஈரப்பதம் ஏற்கெனவே 80 இருக்கும்போது அதே சதுரத்தைத் தொட்டால், திரை மின்னி "மறுபடி தொடவும்" என்று கேட்கட்டும். மறுக்க வேண்டாம், கேட்டால் போதும். புழுவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உணரியை விட அதிகம் தெரியும், கடைசிச் சொல் அவர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். ஃபேனை நிறுத்தும் தொடுதலுக்கும் விளக்குக்கும் எந்தக் கேள்வியும் வேண்டாம். பருவத்தை மாற்றுவது, எல்லைகளை மாற்றுவது இரண்டையும் போன் அருகே இருந்து, பலகையிலும் ஒரு தொடுதல் வந்தால் மட்டும் அனுமதியுங்கள்.

எல்லைகளை வேறு ஊர்க்காரரிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓசூர், தளி மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர், தருமபுரி நகரம் அதில் பாதி உயரம்தான். அங்கே இரவில் சூடேற்ற வேண்டியிருக்கும் மாதத்தில் இங்கே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்.

எட்டாம் படி: ரிலே, கான்டாக்டர், கைச் சுவிட்ச்

230 வோல்ட் பக்கத்தை லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் செய்யட்டும். ஃபாகர் மோட்டாரை ரிலேயில் நேராகக் கொடுக்காதீர்கள். ரிலே கான்டாக்டரின் காயிலை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். காயிலுக்குக் குறுக்கே ஒரு ஸ்நப்பர் (துடிப்பை உறிஞ்சும் சின்னச் சுற்று) போடாவிட்டால், அணையும்போது எழும் வோல்டேஜ் துடிப்பில் போர்டு ரீசெட் ஆகும். பல ரிலே மாட்யூல்கள் சமிக்ஞை தாழ்ந்தால் இயங்குபவை. கரண்ட் போய் வரும் நொடியில் தவறாக இழுக்காமல் இருக்க, சமிக்ஞைக் கம்பியிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டுங்கள்.

கைச் சுவிட்ச் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனியாக, மனைக்கு வெளியே, ரிலேயைத் தாண்டி நேரடியாக இயக்கும்படி இருக்க வேண்டும். போர்டு செத்துப்போன இரவில் ஐந்தாம் பருவப் புழு காத்திருக்காது.

ஒன்பதாம் படி: சோதனை

புழு இல்லாத இடைவெளியில், கிருமிநீக்கம் செய்வதற்கு முன்பே சோதனையை முடித்துவிடுங்கள். காய்ந்த விரல், ஈர விரல், சுண்ணாம்பு படிந்த விரல், பிளீச்சிங் நீர் சொட்டும் கை, ரப்பர் கையுறை என்று வரிசையாகப் பாருங்கள். கையுறைக்கு ஏற்றம் குறைவாகவே வரும். அதற்காக எல்லா எல்லையையும் தாழ்த்தாமல், கையுறைக்கென்று தனி நிலை வைப்பது நல்லது. அப்புறம் ஃபாகரை அரை மணி ஓடவிட்டு, யாரும் தொடாமல் எத்தனை பொய்த் தொடுதல் பதிவாகிறது என்று பாருங்கள். பூஜ்யம் வரும் வரை மாட்டாதீர்கள். மெயினை அணைத்துப் போடுங்கள், ரிலே துடிக்கிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். அறிமுகமில்லாத போன் ஒன்றைக் கொண்டுவந்து இணைய முயலுங்கள்.

மனையைக் கிருமிநீக்கம் செய்யும்போது எஸ்எச்டி31-ஐக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். குளோரின், ஃபார்மலின் ஆவி பட்டால் ஈரப்பத உணரியின் அளவு விலகிப்போகும். திரும்ப மாட்டியதும், ஈரக்குமிழ் உலர்க்குமிழ் வெப்பமானி ஒன்றைப் பக்கத்தில் தொங்கவிட்டு ஒரு நாள் ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் நின்றால் உணரியை மாற்றிவிட்டு அடுத்த தொகுதிப் புழுவை இறக்குங்கள்.